12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்: மின்னழுத்தச் சீராக்கியின் பயன்பாடு

மின்னழுத்தச் சீராக்கி என்பது, உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும், இணைத்த கருவி எடுக்கும் மின்னோட்டம் கூடிக் குறைந்தாலும், வெளியே ஒரே அளவு மின்னழுத்தத்தைத் தரும் மின்னணுச் சுற்று. உயர்ந்த டிசி மின்னழுத்தத்தைத் தாழ்ந்த டிசி மின்னழுத்தமாக இறக்க இது பயன்படுகிறது. ஏசி மின்சாரமாக இருந்தால் மின்மாற்றி போதும். டிசி மின்சாரம் மின்மாற்றியைக் கடப்பதில்லை என்பதால் வேறு வழி தேவைப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை ரெகுலேட்டர் என்கிறோம். ஆனால் கடையில் வெறுமனே ரெகுலேட்டர் என்று கேட்டால் மின்விசிறிக்கு உரியதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 7805, எல்எம் 2596 என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதன் தேவை எப்போது தெரியும் என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர். புயல் கரையேறும் நேரத்தில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். மரங்களும் கம்பங்களும் சாய்ந்தால் அது திரும்பி வர நேரமாகும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோர ஊர்களில் அப்படிப்பட்ட இரவில் வானிலை அறிவிப்புக்கும், உறவினரை அழைக்கவும், உதவி கேட்கவும் இருக்கும் ஒரே கருவி கைபேசிதான். அதில் மின்னூட்டம் தீர்ந்துபோகும். அதே வீட்டில் இருசக்கர வண்டியிலோ, கணினியின் யுபிஎஸ் பெட்டியிலோ, படகு விளக்குக்காக வைத்திருப்பதிலோ ஒரு 12 வோல்ட் பேட்டரி நிறைவான மின்னூட்டத்தோடு இருக்கும். கைபேசிக்கு வேண்டியது 5 வோல்ட். இடையிலுள்ள 7 வோல்ட்டை என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை இயக்கி, வழக்கமான சார்ஜரைச் செருகிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 வோல்ட் ஏசியாக ஏற்ற, சார்ஜர் அதை மறுபடி 5 வோல்ட்டுக்கு இறக்குகிறது. எதுவும் இணைக்காமல் சும்மா இருக்கும்போதே இன்வெர்ட்டர் சில வாட் முதல் இருபது வாட் வரை தனக்கென எடுத்துக்கொள்ளும். 5 வாட் கேட்கும் கைபேசிக்கு இது கட்டுப்படியாகாத செலவு.

மின்தடையை மட்டும் வைத்து இறக்க முடியாதா?

மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஓம் விதியைப் படித்தவருக்கு இயல்பாகவே தோன்றும் வழிதான். 700 ஓம், 500 ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 12 வோல்ட் கொடுத்தால், 500 ஓம் மின்தடையின் குறுக்கே மல்டிமீட்டர் சரியாக 5 வோல்ட் காட்டும். அதில் கைபேசியை இணைத்தால் எதுவும் நடக்காது. 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுக்கும் கருவி 5 ஓம் மின்தடைக்குச் சமம். அது 500 ஓமுக்குப் பக்கவாட்டில் இணைந்ததும் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 5 ஓம் ஆகிவிடுகிறது. அதன் குறுக்கே கிடைப்பது 0.08 வோல்ட் மட்டுமே.

சரி, ஒரே ஒரு 7 ஓம் மின்தடையைத் தொடரில் போட்டால்? 1 ஆம்பியர் பாயும்போது அது 7 வோல்ட்டை இழக்கும், கைபேசிக்கு 5 வோல்ட் போகும். கணக்கு சரி, செய்வது ஆபத்து. கைபேசி எப்போதும் 1 ஆம்பியர் எடுப்பதில்லை. இணைத்த முதல் நொடியிலும், மின்னூட்டம் நிறையும் தறுவாயிலும் மிகக் குறைவாகவே எடுக்கும். 0.1 ஆம்பியர் எடுக்கும்போது அந்த மின்தடை இழப்பது 0.7 வோல்ட்தான், மிச்சம் 11.3 வோல்ட் நேராகக் கைபேசிக்குள் போகும். எடுக்கும் மின்னோட்டம் மாறினாலும் மின்னழுத்தம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், வெளியீட்டை ஓயாமல் பார்த்துத் திருத்தும் ஏதோ ஒன்று சுற்றில் இருக்க வேண்டும். சீராக்கி செய்வது அதைத்தான்.

நேரியல் சீராக்கி: 7805

மூன்று கால் கொண்ட 5 வோல்ட் சீராக்கியை ஒரே சில்லில் அடக்கிய முன்னோடிகளில் ஒன்று, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் விட்லர் 1960களின் இறுதியில் வடிவமைத்த எல்எம் 309. அதைத் தொடர்ந்து ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 7800 வரிசை வந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் வெளியீட்டு மின்னழுத்தத்தைக் குறிக்கும்: 7805 என்றால் 5 வோல்ட், 7809 என்றால் 9 வோல்ட், 7812 என்றால் 12 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் தேநீர் விலைக்குக் கிடைக்கும் இந்தச் சில்லைத் தொடாமல் மின்னணுவியல் படித்தவர் அரிது.

எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, இடப்பக்கக் கால் உள்ளீடு, நடுக்கால் பொதுமுனை, வலப்பக்கக் கால் வெளியீடு. உள்ளே மூன்று பகுதிகள் உண்டு. வெப்பநிலை மாறினாலும் அதிகம் மாறாத ஒரு சிறு மேற்கோள் மின்னழுத்தம், வெளியீட்டின் ஒரு பங்கை அதோடு ஒப்பிடும் பெருக்கி, மின்னோட்டம் முழுவதையும் கடத்தும் ஒரு டிரான்சிஸ்டர். வெளியீடு சற்றே தாழ்ந்தால் பெருக்கி டிரான்சிஸ்டரைக் கூடுதலாகத் திறக்கிறது, உயர்ந்தால் மூடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்த்தபடியே ஒருவர் குழாயைத் திருகிக்கொண்டிருப்பது போன்றது. ஆள் மட்டும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திருகக்கூடியவர்.

இதற்கு வெளியே தேவைப்படுபவை இரண்டு மின்தேக்கிகள் மட்டுமே: உள்ளீட்டுக்கும் பொதுமுனைக்கும் நடுவில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டுக்கும் பொதுமுனைக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட். காலுக்கு மிக அருகிலேயே பற்றவைக்க வேண்டும். உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது குறைந்தது 7 வோல்ட். அதிகபட்சம் 35 வோல்ட். வேறு மின்னழுத்தம் வேண்டுமென்றால் எல்எம் 317 உண்டு. அதில் வெளியீடு = 1.25 × (1 + இரண்டாம் மின்தடை ÷ முதல் மின்தடை). முதலாவது 240 ஓம், இரண்டாவது 720 ஓம் என்றால் சரியாக 5 வோல்ட்.

இவ்வளவு எளிதாக இருக்கும்போது சிக்கல் எங்கே என்றால், வெப்பத்தில். நேரியல் சீராக்கியில் உள்ளே போகும் மின்னோட்டமும் வெளியே வரும் மின்னோட்டமும் ஏறத்தாழ ஒன்றே. மின்னழுத்தம்தான் குறைகிறது. குறைந்த அந்த வோல்ட் எங்கும் சேமிக்கப்படவில்லை, டிரான்சிஸ்டரில் வெப்பமாக எரிகிறது.

முழு மின்னூட்டம் பெற்ற ஈய-அமில பேட்டரி உண்மையில் 12.6 வோல்ட் தரும். கைபேசிக்கு 1 ஆம்பியர் போனால், வெப்பம் = (12.6 − 5) × 1 = 7.6 வாட். கைபேசிக்குப் போவதோ 5 வாட். பேட்டரி கொடுத்த 12.6 வாட்டில் பயன்பட்டது 40 விழுக்காடு.

வெப்பத் தகடு எதுவும் இல்லாத 7805 ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 65 பாகை செல்சியஸ் சூடேறும். அதன் உட்பகுதி 125 பாகையைத் தாண்டக் கூடாது. சுற்றுப்புறம் 35 பாகை என்றால் மிச்சமுள்ள இடைவெளி 90 பாகை. 90 ÷ 65 = 1.38 வாட். இதை 7.6 வோல்ட்டால் வகுத்தால் 0.18 ஆம்பியர். அதாவது 1 ஆம்பியர் சீராக்கி என்று வாங்கியது, 12 வோல்ட் பேட்டரியோடு தகடு இல்லாமல் இணைக்கும்போது 0.18 ஆம்பியர் சீராக்கிதான். அதற்கு மேல் கேட்டால் உள்ளேயுள்ள வெப்பக் காப்பு அதை அணைத்துவிடும். ஆறியதும் திரும்ப வரும், மறுபடி அணையும். கைபேசியில் மின்னூட்டக் குறி தோன்றித் தோன்றி மறைவதைப் பார்த்துப் பலர் கேபிளைக் குறை சொல்வார்கள்.

முழு 1 ஆம்பியரும் வேண்டுமென்றால் மொத்த வெப்பத் தடை வாட்டுக்கு 90 ÷ 7.6 = 11.8 பாகைக்குள் இருக்க வேண்டும். சில்லுக்குள்ளேயே 5 பாகையும், நடுவிலுள்ள மைக்காத் தாளும் பசையும் ஏறத்தாழ 1 பாகையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 6 பாகைக்குள் அடங்கும் அலுமினியத் தகடு என்பது உள்ளங்கை அளவில் விசிறி மடிப்புகள் கொண்டது, அதுவும் திறந்த காற்றில். செங்கல்பட்டு நகரில் மே மாதப் பிற்பகலில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது இன்னும் பெரிய தகடு தேவைப்படும்.

துண்டித்து இணைக்கும் சீராக்கி

டிரான்சிஸ்டரைப் பாதி திறந்து வைப்பதால்தான் அது சூடாகிறது. முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் குறுக்கே மின்னழுத்தம் மிகக் குறைவு, முழுதாக மூடியிருக்கும்போது மின்னோட்டம் இல்லை. இரண்டு நிலையிலும் வெப்பம் சொற்பம். எனவே அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால் என்ன? பக் கன்வெர்ட்டர் எனப்படும் மின்னழுத்த இறக்கியின் அடிப்படை இதுவே.

எல்எம் 2596 என்னும் சில்லு வினாடிக்கு 1,50,000 முறை பேட்டரியை இணைத்துத் துண்டிக்கிறது. ஒரு சுற்றுக்கு 6.7 மைக்ரோவினாடி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க, அதில் 42 விழுக்காடு நேரம், அதாவது சுமார் 2.8 மைக்ரோவினாடி, திறந்திருந்தால் போதும். (டையோடிலும் சில்லிலும் ஏற்படும் இழப்பால் நடைமுறையில் சற்றுக் கூடும்.) இப்படி வெட்டி வெட்டி வரும் மின்சாரத்தைச் சமன் செய்வது தூண்டிச்சுருள். திறந்திருக்கும்போது அது காந்தப்புலமாக ஆற்றலைச் சேர்க்கிறது. மூடியதும் அந்த ஆற்றலைக் கொண்டு மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓடவைக்கிறது. அந்த நேரத்தில் சுற்றை நிறைவுசெய்யும் பாதையாக ஒரு ஷாட்கி டையோடு இருக்கிறது. மிதி தையல் இயந்திரத்தில் கால் விட்டு விட்டு அழுத்தினாலும் சக்கரம் நிற்காமல் சுழல்கிறதல்லவா, சக்கரத்தின் வேலையைச் சுருள் செய்கிறது. மிச்சமிருக்கும் சிற்றலையை வெளியீட்டு மின்தேக்கி விழுங்கிவிடும்.

இங்கே சமமாக இருப்பது மின்னோட்டம் அல்ல, திறன். 12 வோல்ட்டில் 5 வோல்ட் எடுக்கும்போது எல்எம் 2596இன் பயனுறுதிறன் சுமார் 80 விழுக்காடு. கைபேசிக்கு 5 வாட் தர அது பேட்டரியிடம் கேட்பது 6.25 வாட், அதாவது 12 வோல்ட்டில் 0.52 ஆம்பியர். வெளியே 1 ஆம்பியர் வருகிறது, உள்ளே அதில் பாதிதான் போகிறது. முதல் முறை அளந்து பார்க்கும் மாணவர் மீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஐயப்படுவது இந்த இடத்தில்தான்.

புயல் இரவுக்கு இதன் பொருள் என்ன என்று பார்க்கலாம். யுபிஎஸ் பெட்டிகளில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கிறது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 3.5 ஆம்பியர்-மணியை மட்டும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். 7805 வழியாக 1 ஆம்பியர் எடுத்தால் 3.5 மணி நேரம் வரும். கைபேசிக்குக் கிடைப்பது 17.5 வாட்-மணி. எல்எம் 2596 வழியாக எடுத்தால் 6.7 மணி நேரம், 33 வாட்-மணிக்குச் சற்று மேல். 5000 மில்லியாம்பியர்-மணி கைபேசி ஒன்றை முழுதாக நிரப்ப, உள் இழப்புகளையும் சேர்த்து, ஏறத்தாழ 22 வாட்-மணி தேவை. ஆக அதே பேட்டரி 7805 வழியாக ஒரு கைபேசியைக்கூட நிறைக்காது. பக் கன்வெர்ட்டர் வழியாக ஒன்றை நிறைத்து அடுத்ததையும் பாதியளவு ஏற்றிவிடும்.

இதனால் 7805 பயனற்றது என்று ஆகாது. துண்டித்து இணைக்கும் சீராக்கி இரைச்சல் மிக்கது. அருகிலுள்ள வானொலிப் பெட்டியில் கரகரப்பு கேட்கும், நுண்ணிய அளவீட்டுச் சுற்றுகளில் குழப்பம் உண்டாகும். உணரி, மைக்ரோகண்ட்ரோலர் போன்று சில பத்து மில்லியாம்பியர் மட்டும் எடுக்கும் சுற்றுக்கு 7805 தகடே இல்லாமல் அமைதியாக வேலை செய்யும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

உப்புக் காற்றும் மூடிய பெட்டியும்

செங்கல்பட்டு நகருக்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் தொலைவு அதிகமில்லை. ஆனால் மின்னணுச் சுற்றுக்கு இரண்டும் வெவ்வேறு உலகம். உள்ளே வெயில் எதிரி, கரையில் உப்பு. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவ ஊர்களில் படகிலோ கரையோரக் கொட்டகையிலோ திறந்து வைத்த சுற்றின் செம்புத் தடங்கள் பச்சை பூத்துவிடும். உப்புத்தூள் இரவின் ஈரத்தை உறிஞ்சிக் கடத்தியாக மாறி, ஒட்டக் கூடாத இரு தடங்களுக்கு நடுவே மின்னோட்டத்தைக் கசியவிடும்.

எனவே கடலோரத்தில் சுற்றை மூடிய பெட்டிக்குள் வைத்தாக வேண்டும். பெட்டியை மூடினால் வெப்பம் வெளியேறாது. 7.6 வாட் உமிழும் 7805ஐ ஞெகிழிப் பெட்டியில் அடைப்பது இயலாது. தகட்டைப் பெட்டிக்கு வெளியே நீட்டினால் அதுவும் அதன் திருகும் அரிக்கும். பக் கன்வெர்ட்டர் இழப்பது 1.25 வாட் மட்டும் என்பதால் அதை இறுக மூடிவிடலாம். உள்நாட்டில் இரண்டில் எதைத் தேர்வது என்பது வசதியைப் பொறுத்தது. கடற்கரையில், 1 ஆம்பியர் அளவுக்கு, உண்மையில் ஒரே விடைதான் இருக்கிறது.

ஆனால் கடையில் கிடைக்கும் நீலநிறச் சிறு பலகையை அப்படியே வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு, இது அதிகம் பேசப்படுவதில்லை. அந்தப் பலகையில் வெளியீட்டை மாற்றுவதற்கு ஒரு திருகுமின்தடை இருக்கும். வெளியீட்டில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்ற செய்தி அதன் வழியாகத்தான் சில்லுக்குத் திரும்பிப் போகிறது. உப்பேறி அதன் உள்தொடர்பு விட்டுப்போனால் சில்லு வெளியீட்டைப் பூச்சியமாகக் காணும், உயர்த்த வேண்டும் என்று நினைத்து முழுதாகத் திறந்துவிடும். கைபேசிக்கு ஏறத்தாழ 12 வோல்ட் போகும். இதைத் தவிர்க்க, 5 வோல்ட்டுக்கென்றே நிலையாக வரும் எல்எம் 2596 வகையை வாங்கலாம். அல்லது திருகுமின்தடையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 1 கிலோ-ஓம் நிலை மின்தடையும், கீழ்ப்பக்கத்தில் 330 ஓமும் பற்றவைக்கலாம். இச்சில்லின் மேற்கோள் மின்னழுத்தம் 1.23 வோல்ட் என்பதால், 1.23 × (1 + 1000 ÷ 330) = 4.96 வோல்ட் கிடைக்கும். பல பலகைகளில் 330 ஓம் ஏற்கெனவே இருக்கும், மீட்டரால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்து சோதித்த பிறகு பலகை முழுவதும் தெளிவான வார்னிஷ் பூசினால் உப்பும் ஈரமும் தடங்களை எட்டாது. கம்பிகள் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நுழைந்தால் அவற்றின் வழியே வழியும் நீர் உள்ளே இறங்காது.

கட்டும்போது

பேட்டரியின் நேர்முனைக்கு ஒட்டினாற்போல் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். சிறிய 7 ஆம்பியர்-மணி பேட்டரிகூட முனைகள் ஒட்டிக்கொண்டால் பல பத்து ஆம்பியரைப் பாய்ச்சிக் கம்பியைச் சிவக்கவைக்கும். ஃபியூஸைச் சுற்றின் பக்கத்தில் வைத்தால் நடுவிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை. முனைகளை மாற்றி இணைத்துவிடுவது இருட்டில் எளிதாக நடக்கக்கூடியது, அதற்கு உள்ளீட்டில் தொடராக ஒரு டையோடு போதும்.

திருகுமின்தடை உள்ள பலகை எந்த வோல்ட்டில் வைத்து விற்கப்படுகிறது என்று சொல்ல முடியாது. கைபேசியை இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ள வேண்டும். அடுத்து 5 ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை வெளியீட்டில் இணைத்தால் 1 ஆம்பியர் பாயும். பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா, எது சூடாகிறது என்று பார்த்த பிறகே கைபேசி. மின்தடை கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும், அது இயல்பு.

எல்லாம் சரியாக இருந்தும் கைபேசி மெதுவாகவே ஏறுகிறது என்றால், பெரும்பாலும் யுஎஸ்பி முனையின் நடுவிலுள்ள இரண்டு தகவல் கம்பிகள்தான் காரணம். அவை எதிலும் இணையாமல் விடப்பட்டால் பல கைபேசிகள் இதைக் கணினியின் முனை என்று கருதி அரை ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்ளும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் சார்ஜர் என்று அடையாளம் கண்டுகொள்ளும்.

பேட்டரிக்குப் பதிலாகச் சூரியத்தகட்டை நேரடியாக இணைப்பவர்கள் பெயர்ப்பலகையிலுள்ள 12 வோல்ட்டை நம்பக் கூடாது. 36 கலங்கள் கொண்ட தகடு சுமை இல்லாதபோது 21, 22 வோல்ட் வரை தரும், காலைக் குளிரில் இன்னும் சற்றுக் கூடும். 40 வோல்ட் தாங்கும் எல்எம் 2596க்கு இது பொருட்டல்ல. நகத்தளவு சிறு பலகைகளில் வரும் எம்பி 2307 சில்லின் எல்லை 23 வோல்ட் என்பதால் அது விளிம்பில் நிற்கும். உள்ளீட்டு மின்தேக்கியும் 16 வோல்ட் வகையாக இருக்கக் கூடாது, 35 வோல்ட் நலம்.

படகிலோ கொட்டகையிலோ பேட்டரி ஓரிடத்திலும் கைபேசி வேறிடத்திலும் இருந்தால், நீளக் கம்பியை 12 வோல்ட் பக்கத்தில் வைத்து, சீராக்கியைக் கைபேசிக்கு அருகில் வைப்பது நல்லது. 0.4 ஓம் மின்தடை உள்ள மெல்லிய கம்பியில் 5 வோல்ட்டை அனுப்பினால் 1 ஆம்பியரில் 0.4 வோல்ட் வழியிலேயே போய், 4.6 வோல்ட்தான் சேரும். பல கைபேசிகள் அந்த அளவில் தயங்கத் தொடங்கும். அதே கம்பியில் 12 வோல்ட்டை அனுப்பினால் பாய்வது அரை ஆம்பியர், இழப்பது 0.2 வோல்ட். அந்த இழப்பையும் முனையில் இருக்கும் சீராக்கியே சரிக்கட்டிவிடும்.